ஓவர் என்ற சொல்லுக்கு வாய் திறந்தவள்

காப்பகத்தில் ஆயா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று டீச்சர் கேட்டபோது, முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். எட்டாவது பாதியில் நின்றவள் நான். எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு தடவை எழுந்து போய் கேஸ் சிலிண்டரை மூடியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். வேலையில் இருந்த இருபத்தாறு வருடமும் இப்படித்தான். தூங்குகிற பிள்ளைகளின் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பதின்மூன்று பிள்ளைகளையும் பார்த்து முடித்ததும் முதல் பிள்ளைமேல் சந்தேகம் வந்துவிடும். திரும்பப் போவேன். "ஆயா கீற எடத்துல கொயந்த நிம்மதியா கொட்டாவி கூட வுட முடியாது" என்று காசிமேட்டுப் பெண்கள் சிரிப்பார்கள்.

கஞ்சி காய்ச்சுவது, துணி அலசுவது, எந்தப் பிள்ளையை எந்தப் பக்கம் படுக்க வைப்பது, இதெல்லாம் வள்ளி உங்களுக்குக் காட்டிக் கொடுப்பாள். என்னோடு இருபது வருடம் வேலை செய்தவள். நான் எழுதுவது என் பயத்தால் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. பயந்தவர்கள் தப்புச் செய்ய மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பயத்தில் செய்கிற தப்பு வெளியிலிருந்து பார்க்க ஒழுங்கு மாதிரியே இருக்கும். யாரும் திட்டக்கூட மாட்டார்கள்.

நம் காப்பகத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் விடியும் முன்னே துறைமுகத்தில் ஏலத்துக்கு நின்று, கூடையோடு வண்ணாரப்பேட்டை, டோல்கேட் என்று போய்விடுகிறார்கள். அப்பாக்கள் லாஞ்சு என்கிற விசைப்படகில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கித்தான் பிடிப்பார்கள். வருடத்தில் மீன்பிடி தடைக்காலம் இரண்டு மாதம் மட்டும் எல்லோரும் கரையில் இருப்பார்கள். வலை சரிபார்ப்பார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், கேரம் ஆடுவார்கள். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் டில்லிபாபு தினமும் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அவள் பெயர் ரித்திகா. வீட்டில் ரித்து. தடைக்காலம் தொடங்கும்போது எட்டு மாதம். அம்மா நதியா மீன் விற்பவள். தடைக்காலத்திலும் ஐஸ் மீன் வரும், தடையில்லாத சின்ன ஃபைபர் படகு மீன் வரும், அவளுக்கு ஓய்வில்லை. அதனால் டில்லிபாபுதான் எழுப்பி, கழுவி, சட்டை போட்டுப் பத்து மணிக்குக் கொண்டுவருவான். கொண்டுவந்தால் விட்டுவிட்டுப் போக மாட்டான். கஞ்சி வேளை முடியும்வரை இருப்பான்.

உள்ளே அம்மாக்கள் பால் கொடுப்பார்கள் என்பதால் ஆண்கள் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். அவன் தாண்டவில்லை. படியிலேயே குந்திக்கொண்டான். மகளை மடியில் வைத்து, ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கையை முட்டியாக மடக்கித் தன் வாய்க்கு நேரே பிடிப்பான். அதுதான் வயர்லெஸ் மைக். படகுக்குப் படகு, படகுக்கும் கரைக்கும் பேசுகிற அந்தப் பெட்டியில் பேசுவது போலவே பேசுவான்.

"ஹலோ, ஹலோ. ரித்து லாஞ்சி, ரித்து லாஞ்சி. கஞ்சி லோடு வந்துகினே கீது. கதவத் தொற. ஓவர்."

நான் பேசி முடித்தேன், இனி உன் முறை என்பதற்கு வயர்லெஸ்ஸில் சொல்லும் சொல் அந்த 'ஓவர்'. அப்படி அவன் முடித்ததும் அவள் வாயைத் திறப்பாள். அதற்கு முன்னால் திறக்க மாட்டாள். ஸ்பூன் உதட்டில் இடித்தாலும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "யோவ் டில்லி, சிக்னல் கெடச்சுதாய்யா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. தடைக்காலம் முடிந்ததும் இவன் போய்விடுவானே, அப்புறம் இந்தப் பிள்ளைக்கு யார் மைக் பிடிப்பது என்று கவலை. கடைசி வாரத்தில் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"டில்லி, நாளையிலேந்து நீ உட்காராத. வாசல்ல குடுத்துட்டுப் போய்டு. கொழந்த எங்க கைக்குப் பழகட்டும்."

"இன்னா ஆயா, அஞ்சு நிமிட்டு வெளாட்டு. அதுக்கும் தடையா?"

"உனக்கு வெளாட்டு. நீ கடலுக்குப் போனப்புறம் எனக்குத்தான பேஜாரு. போற அன்னிக்குச் சொல்லிட்டுப் போகாத. தூங்கறப்பவே போய்டு. பாத்தா அழும்."

அவன் சரி என்று தலையாட்டினான். பிள்ளைகளைப் பற்றி ஆயாவுக்குத் தெரியும் என்று நம்பினான். தடை முடிந்த அன்று மகள் தூங்கும்போதே கிளம்பிப் போனான்.

முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாளும் அழுதாள். மூன்றாம் நாள் அழுகை நின்றது. டீச்சரிடம் போய், "பழகிட்டா டீச்சர்" என்று பெருமையாகச் சொன்னேன். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. அழுகை நிற்பது வேறு, பழகுவது வேறு. இருபது வருட வேலைக்குப் பிறகும் எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

கஞ்சி போகவில்லை. ஸ்பூனை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அம்மாவிடம் பால் மட்டும் கொஞ்சம் குடித்தாள், அதுவும் குறைந்தது. பொம்மையைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். வாங்கியதைக் கீழே விட்டாள், தேடவில்லை. நாள் முழுக்க வாசல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நதியா திருஷ்டி கழித்தாள். வயிற்றில் ஏதோ சிக்கித் தொக்கம் விழுந்திருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் எடுக்கக் கூட்டிப்போனாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஏழாம் நாள் டாக்டரிடம் காட்டினோம். ஜுரம் இல்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை, ஆனால் எடை இறங்கியிருக்கிறது, நாளைக்கும் சாப்பிடாவிட்டால் கொண்டுவந்து அட்மிட் பண்ணுங்கள், மூக்கில் டியூப் வைத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

எட்டாம் நாள் காலை நதியா வியாபாரத்துக்குப் போகவில்லை. துணிப்பை கட்டி எடுத்துக்கொண்டு, வாசலில் ஆட்டோவையும் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். கடைசியாக ஒரு தடவை கஞ்சி கொடுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். ஸ்பூனைக் கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டாள். நதியாவுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. பொறுமை அறுந்துவிட்டது.

"ஏய், இன்னாடி நீ. ரொம்பத்தான் பண்ற. ரொம்ப ஓவர்..."

ரித்து வாயைத் திறந்தாள்.

நான் பார்த்தேன். நதியா பார்க்கவில்லை, அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்த பிள்ளை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தது. அப்புறம் வாசலைப் பார்த்தது. மெதுவாக வாயை மூடிக்கொண்டது.

நான் கையை முட்டியாக மடக்கி வாய்க்கு நேரே வைத்து, "ஓவர்" என்றேன். திரும்பினாள். வாய் அசைந்தது. திறக்கவில்லை. சொல் சரி, குரல் தப்பு.

"நதியா, இதுக்கு நோவு இல்ல. ஏக்கம்."

"ஏக்கமா? நான் இங்கதான ஆயா குந்திகினு கீறேன்?"

அவள் கேட்டதில் தப்பில்லை. ஏக்கம் என்றால் அம்மாவுக்காகத்தான் என்றே எங்களுக்குத் தெரியும். அம்மா ஊருக்குப் போனால் பிள்ளைக்கு ஏக்கம், அடுத்த பிள்ளை பிறந்தால் ஏக்கம். அப்பனுக்காக ஒரு பத்து மாதக் குழந்தை சோற்றை மறுக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் யோசித்ததில்லை. அப்பா என்றால் வருவார், போவார், மிட்டாய் வாங்கி வருவார். அவ்வளவுதான் கணக்கு.

அவன் கடலில் இருக்கிறான். அங்கே செல்போன் எடுக்காது. வயர்லெஸ் எடுக்கும்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "இன்னாம்மா, ஆஸ்பத்திரியா இல்லியா?"

"ஆர்பருக்குப் போய்ட்டு ஆஸ்பத்திரி போலாம். அரை மணி நேரம்" என்றேன்.

நதியா என்னையே பார்த்தாள். "நீ சொன்னா சரி ஆயா. ஆனா இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அந்த ஒரு கேள்விக்கு நான் வாழ்நாளெல்லாம் பயந்திருக்கிறேன். அன்றைக்கும் பயந்தேன். பிள்ளையின் வாயில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், நாக்கு ஈரமாக இருந்தது. காலையில் இரண்டு தடவை சிறுநீர் போயிருந்தாள். கண் குழி விழவில்லை. அரை மணி நேரம் தாங்கும் என்று அதை வைத்துத்தான் சொன்னேன். நாக்கு காய்ந்திருந்தால் வயர்லெஸ்ஸும் இல்லை ஒன்றும் இல்லை, நேராக ஆஸ்பத்திரிதான். இதை மறந்துவிட்டு, ஆயா துறைமுகத்துக்குப் போனாள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளாதீர்கள். மீதிப் பன்னிரண்டு பிள்ளைகளை வள்ளியிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

துறைமுகத்தில் ஒரு சின்ன அறையில் கரை வயர்லெஸ் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் தேசிங்கு. முன்னே லாஞ்சு ஓட்டியவர், முழங்கால் போய்க் கரையில் உட்கார்ந்தவர்.

"இன்னா ஆயா, கொயந்தையத் தூக்கினு வந்துட்ட. ஏலம் வுடப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"இது வெளாட்டுச் சாமான் இல்லம்மா. புயல் சேதி, ஆளு வுயுந்த சேதி, என்ஜின் நின்ன சேதி, அதுக்குத்தான். ஒரே லைன்ல அத்தினி லாஞ்சியும் கேட்டுகினு கீது."

நதியா பிள்ளையின் சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்து டில்லிபாபுவின் படகைக் கூப்பிட்டார். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டார். வேறு படகு ஒன்று கேட்டுக்கொண்டு, அவர்கள் வலை இழுக்கிறார்கள், சொல்கிறேன் என்றது. காத்திருந்தோம். நாக்கு ஈரமாக இருக்கிறதா என்று நான் திரும்பத் திரும்ப விரலை விட்டுப் பார்த்தேன்.

அப்புறம் கரகரவென்று ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து அவன். "ஹலோ, கரை. டில்லி பேசறேன். பாப்பாக்கு இன்னாச்சு? ஓவர்."

ரித்துவின் உடம்பு என் இடுப்பில் கட்டையாக விறைத்தது. பெட்டியைப் பார்த்தாள். எட்டிப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது. ஐந்து நாளாக அழாத பிள்ளை வீறிட்டு அழுதது.

நான் பயந்துபோனேன். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். தேசிங்கு நீட்டிய மைக்கை வாங்கி, பக்கவாட்டில் இருந்த பொத்தானை அமுக்கிப் பேசினேன். பேசினேன் என்றால் நிறுத்தவே இல்லை. "டில்லி, ஆயா பேசறேன், ஒண்ணுமில்ல, கொழந்த சாப்பிடல, டாக்டர் பாத்தாரு, நீ பயப்படாத, நான்தான் உன்ன உட்கார வேணாம்னேன், என் மேலதான் தப்பு, நீ பேசு, ஏதாவது பேசு, ஏன் பேச மாட்டேங்கற, டில்லி, பேசு..."

தேசிங்கு என் மணிக்கட்டைத் தட்டினார்.

"ஆயா, கைய எடு. நீ அமுத்திகினே கீற. அப்பால அவன் எப்டிப் பேசுவான்?"

எனக்குத் தெரியாது. பொத்தானை அமுக்கியிருக்கும்வரை அந்தப் பக்கத்துக் குரல் வராதாம். அவ்வளவு நேரமும் நடுக்கடலில் அவன் தன் மகளின் அழுகையையும் என் புலம்பலையும் கேட்டுக்கொண்டு, பேச முடியாமல் நின்றிருக்கிறான்.

நான் கையை எடுத்தேன்.

வெறும் இரைச்சல். என்ஜின் சத்தம். மூக்கை உறிஞ்சும் சத்தம்.

நதியா மைக்கைப் பிடுங்கினாள். "யோவ், நீ இன்னாத்துக்கு அயுவுற? வாயத் தொறக்க வேண்டியது அது. எப்பவும் சொல்லுவியே, அதச் சொல்லு. ஸ்பூன்ல கஞ்சி வச்சிகினு நிக்கறேன். ஓவர்."

இன்னும் கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு வந்தது. நடுங்கிக்கொண்டுதான் வந்தது.

"ஹலோ, ஹலோ. ரித்து லாஞ்சி, ரித்து லாஞ்சி."

அழுகை பாதியில் நின்றது. கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருக்க, அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"கஞ்சி லோடு வந்துகினே கீது. கதவத் தொற."

காத்திருந்தாள். சத்தியமாகக் காத்திருந்தாள். ஸ்பூன் உதட்டில் தொட்டுக்கொண்டிருந்தது, பசியில் அவள் தொண்டை அசைவது எனக்குத் தெரிந்தது, வாய் மூடியே இருந்தது.

"ஓவர்."

திறந்தாள்.

எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கிறேன். அன்றைக்குப் போல ஒரு வாய்க் கஞ்சி உள்ளே போவதைப் பார்த்து நான் கும்பிட்டதில்லை. பத்து மாதம். பேச்சு இல்லை, பல் இரண்டு. அந்தத் தலைக்குள் ஒரு மனிதனின் குரலும், அவன் எந்தச் சொல்லில் முடிப்பான் என்பதும், முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இத்தனை நாளும் அழியாமல் இருந்திருக்கிறது. அவன் விளையாட்டு என்று சொன்னது அவளுக்கு விளையாட்டாக இல்லை. அவள் உலகத்தின் ஒரு பக்கச் சுவரே அவன்தான். நாங்கள் அதை ஓசைப்படாமல் எடுத்துவிட்டு, பிள்ளை ஏன் சாய்கிறது என்று மருந்து தேடியிருக்கிறோம்.

ஒன்பது ஸ்பூன் சாப்பிட்டாள். அந்த நேரம் முழுக்க அந்த லைனில் வேறு ஒரு படகும் குறுக்கே பேசவில்லை. தேசிங்கு வெளியே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார், தூசி என்றார். முடிந்ததும், யாரென்றே தெரியாத ஒரு குரல் கேட்டது. "துன்னுச்சா? ஓவர்."

"துன்னுச்சு" என்றார் தேசிங்கு.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல். "ஆயா, நான் லோகேசு அப்பா. எம் புள்ள உங்கிட்டதான் கீறான். அவன் துன்றானா? ஓவர்."

லோகேஷுக்கு அந்த வாரம் முழுக்க வயிற்றுப்போக்கு. தண்ணீர் சரியில்லை என்று நினைத்து நான் பானையை மாற்றியிருந்தேன். அந்தப் பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் தோன்றியது. ஒவ்வொரு வருடமும் தடை முடிந்த அடுத்த வாரம் நம் பிள்ளைகள் படுத்துவார்கள். ஒன்று சாப்பிடாது, ஒன்று தூங்காது, ஒன்று கடிக்கும். நான் ஒவ்வொரு வருடமும் பானையை மாற்றியிருக்கிறேன், தரையைப் பினாயில் போட்டு இரண்டு தடவை துடைத்திருக்கிறேன். எல்லாமே அப்பாக்கள் போனதால்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை, சில வருடம் தண்ணீரும் காரணமாக இருந்திருக்கும். ஆனால் ஒரு தடவைகூட அவர்கள் வாசலைப் பார்க்கிறார்களா என்று நான் பார்க்கவில்லை.

அன்று அரை மணி நேரம் ஒரு மணி நேரமாயிற்று. பிறகு டாக்டரிடமும் போனோம். எடை போட்டார், சாப்பிட்டதைக் கேட்டார், அட்மிட் வேண்டாம், தினமும் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். லாஞ்சு வரும்வரை காலை பத்து மணிக்கு தேசிங்கு லைனைத் திறந்து வைத்தார். புயல் சேதி இல்லாத வரைக்கும் என்று ஒரு நிபந்தனையோடு.

படியில் இப்போது பாய் விரித்திருக்கிறதே, உள்ளே பால் கொடுக்கும் இடத்துக்குத் திரை தொங்குகிறதே, அதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. கஞ்சி வேளையில் அப்பாக்கள் வந்தால் ஸ்பூனை அவர்கள் கையில் கொடுங்கள். பாதி தரையில் போகும், போகட்டும். கடலுக்குக் கிளம்புகிறவரைப் பிள்ளை தூங்கும்போது போகச் சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகட்டும். பிள்ளை அழும். அந்த அழுகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அழாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பயப்படுங்கள்.

லாஞ்சு பன்னிரண்டாம் நாள் வந்தது. டில்லிபாபு வீட்டுக்குப் போகவில்லை. டீசல் நாற்றமும் மீன் நாற்றமுமாக நேராக வாசலுக்கு வந்து, படிக்குக் கீழேயே நின்றுவிட்டான்.

"கலீஜா கீறேன் ஆயா. குளிச்சிட்டு வந்துடட்டா?"

"வேணாம் நைனா. மேல வா."

ரித்து என் இடுப்பில் இருந்தாள். அவனைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி என் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். அவன் முகம் செத்துப்போயிற்று. "மறந்துட்டாளா ஆயா?" என்று கேட்டான். எனக்கும் அதே பயம்தான். கோபித்துக்கொள்கிற அளவுக்கு ஒரு குழந்தைக்கு ஞாபகம் இருக்கும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

அவன் கையை நீட்டவில்லை. மெதுவாகக் கையை முட்டியாக மடக்கித் தன் வாய்க்கு நேரே வைத்தான். "ஹலோ, ஹலோ" என்று தொடங்கினான், மேலே வரவில்லை. கடைசிச் சொல் மட்டும்தான் வந்தது.

"ஓவர்."

கஞ்சி இல்லை, ஸ்பூன் இல்லை. அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் என் கழுத்தில், ஈரமாக, ஒரு சின்ன வாய் திறப்பது எனக்குத் தெரிந்தது. அவளை அவன் கைகளில் வைத்தேன்.

நான் கையை எடுத்தேன்.